இரண்டு ஏக்கரில் பன்றியும் கோழியும்: எத்தனை வைத்தால் நிலம் தாங்கும்?

#1 ஈரமண்

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசிப்பதோடு சரி, இதுதான் என் முதல் பதிவு.

குடும்ப நிலம் இரண்டு ஏக்கர். பாதியில் காய்கறி. மீதிப் பாதி புல்லும் சில மரங்களுமாகக் கிடக்கிறது. வேலைக்கு நானும் மனைவியும்தான். பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகள் இருவரும் கூடமாட நிற்பார்கள். தோட்டத்துக்கு உரம் வெளியே வாங்கக் கூடாது, வீட்டுக்கு முட்டையும் இறைச்சியும் கிடைக்க வேண்டும், மிஞ்சியதை விற்க வேண்டும். இதுதான் ஆசை.

அதற்காகத் தாய்ப்பன்றி இரண்டு, முட்டைக்கோழி நூறு என்று யோசித்திருக்கிறேன். ஒரே கொட்டகை, நடுவில் ஒரு தடுப்பு. பன்றிக்கு விடுதிகளிலிருந்து சாப்பாட்டு மிச்சம் வாங்கிக்கொள்ளலாம், தீவனச் செலவு இருக்காது. பன்றி சிந்துவதைக் கோழி பொறுக்கிக்கொள்ளும். மேய்ச்சலுக்கு இரண்டையும் ஒன்றாகவே விட்டுவிடலாம்.

இதில் எது தப்பு, எது சரி என்று தயங்காமல் சொல்லுங்கள். இன்னும் ஒரு கம்பம்கூட நடவில்லை, மாற்றிக்கொள்ள நேரம் இருக்கிறது.

#2 கூளப்படுக்கை

வாருங்கள் தம்பி. கம்பம் நடும் முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம்.

கொட்டகையில் எத்தனை அடையும் என்று பார்க்காதீர்கள். போடும் சாணத்தை உங்கள் மண் எத்தனைக்குத் தாங்கும் என்று பாருங்கள். ஐரோப்பிய இயற்கை வேளாண்மையில் இதற்கு ஓர் அளவு உண்டு: எருவின் வழியாக ஒரு ஹெக்டேருக்கு வருடத்தில் 170 கிலோ நைட்ரஜனுக்கு மேல் போகக் கூடாது. அந்த அளவைத் தலைக்கணக்காக மாற்றினால் ஹெக்டேருக்கு வளரும் பன்றி 14, அல்லது தாய்ப்பன்றி ஆறரை, அல்லது முட்டைக்கோழி 230. எந்த நாட்டில் இருந்தாலும் தொடங்குவதற்கு இது நல்ல அளவுகோல்.

இப்போது உங்கள் திட்டத்தைப் போட்டுப் பார்ப்போம். தாய் இரண்டு, வருடத்துக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு ஒன்பது குட்டி தேறினாலே 36 குட்டி. பால் மறந்த பிறகு நாலு மாதம் வளர்த்து விற்கிறீர்கள் என்றால், எந்த நாளில் போய் எண்ணினாலும் சராசரியாகப் பன்னிரண்டு வளரும் பன்றி நிற்கும். அவற்றோடு தாய்கள், பால்குட்டிகள், கோழி நூறு. எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 1.7 ஹெக்டேர், அதாவது நாலு ஏக்கருக்கு மேல் கேட்கிறது. உங்களிடம் இருப்பது இரண்டு.

மீதிச் சாணம் எங்கே போகும்? ஒரு மூலையில் குவியும். மழை வந்தால் அதன் சாறு கிணற்றுக்குப் போகும். நைட்ரேட் ஏறிய தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாமல் உடம்பு நீலம் பாரித்துவிடும். வீட்டுக் கிணறு அதே நிலத்தில் இருந்தால் இதை ஒரு நாளும் மறக்காதீர்கள்.

என் யோசனை: தாய்ப்பன்றி இப்போது வேண்டாம். பால் மறந்த குட்டி நாலு வாங்குங்கள். வளர்ந்து போனதும் இடத்தைக் காலியாகப் போடுங்கள், அப்புறம் அடுத்த நாலு. வருடத்துக்கு இரண்டு தொகுதி. கோழி ஐம்பது. இவ்வளவுக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம் தாங்கும் எரு வரும். உங்கள் இரண்டு ஏக்கர் அதை மூச்சுத் திணறாமல் வாங்கிக்கொள்ளும்.

#3 ஓய்வுமருத்துவர்

கால்நடை மருத்துவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணிக்கையைப் பற்றி முந்தைய பதிவு சொன்னது சரி. நான் விடுதி மிச்சத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிறர் சமையலறையிலிருந்து வரும் மிச்சத்தில் இறைச்சித் துணுக்கு இருக்கும். இல்லை என்று யார் சொன்னாலும் இருக்கும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்ற நோய் 1921-இல் கென்யாவில் முதலில் பதிவானது; 2007-இல் ஜார்ஜியாவுக்கும் 2018-இல் சீனாவுக்கும் வந்து கண்டம் கண்டமாகப் பரவியது. அந்த வைரஸ் உறைந்த பன்றியிறைச்சியில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியில்கூட மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. பன்றிக்கு வந்தால் மருந்து கிடையாது, கொட்டிலில் இருப்பது ஏறக்குறைய மொத்தமும் போய்விடும். 2001-இல் பிரிட்டனில் வந்த கோமாரி நோய், ஒரு பன்றிப் பண்ணையில் சரியாகக் காய்ச்சாத உணவு மிச்சத்தைப் போட்டதிலிருந்து தொடங்கியதாகத்தான் விசாரணையில் முடிவு செய்தார்கள். அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று.

பல நாடுகளில் உணவு மிச்சம் போடுவதற்கே தடை உண்டு. முதலில் உங்கள் இடத்துச் சட்டத்தைக் கேளுங்கள். அனுமதி இருந்தாலும், முழுதும் கொதித்து, கிளறிக் கிளறி, குறைந்தது அரை மணி நேரமாவது கொதிநிலையிலேயே நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. பச்சை மிச்சம் வரும் வாளியும் வெந்தது போகும் வாளியும் வேறுவேறாக இருக்க வேண்டும். ஒரே அகப்பையை இரண்டிலும் விட்டால் காய்ச்சியது வீண். தினமும் இதற்கு ஆகும் விறகையும் ஆள் நேரத்தையும் போட்டுப் பார்த்தால் 'செலவில்லாத தீவனம்' என்று சொல்ல வாய் வராது.

தோட்டத்துக் காய்கறிக் கழிவு வேறு விஷயம். சமையலறைக்குள் போகாமல் நேராக நிலத்திலிருந்து வருவதைத் தாராளமாகப் போடலாம். பச்சையேறிய உருளைக்கிழங்கும் பூசணம் பிடித்த எதுவும் வேண்டாம்.

#4 வெயில்மேய்ச்சல்

மருத்துவர் ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பயமுறுத்தியே ஒருவரை நிறுத்திவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

பன்றியும் கோழியும் ஒரே நிலத்தில் இருந்தால் கிடைக்கும் நன்மை சின்னதல்ல. பன்றியின் மூக்கு ஓர் ஏர். கோரையும் அருகும் வேரோடு பிடித்த இடத்தில் நாலு பன்றியை விட்டுப் பாருங்கள், கிழங்குவரை தோண்டித் தின்றுவிடும். கையால் களையெடுத்து நாலு வருடம் தோற்ற மேட்டில் நான் இப்போது அவரை போட்டிருக்கிறேன். பன்றி போன இடத்தில் கோழியை விட்டால் சாணத்தைக் கிளறிப் பரப்பும், ஈப்புழுவைப் பொறுக்கும், மண்கட்டியை உடைக்கும். எந்திரம் எதுவும் உள்ளே வர வேண்டியதில்லை.

ஆனால் நேரத்தோடு நகர்த்த வேண்டும். ஈரத்தில் ஒரே இடத்தில் விட்டுவைத்தால் பன்றி மண்ணை மிதித்து இறுக்கிவிடும், அப்புறம் ஏர் என்று சொன்னதெல்லாம் பொய். மரத்தடியிலும் கவனம்: வேர் தெரிந்ததும் வெளியே கொண்டுவந்துவிடுங்கள், பட்டையையும் கடிக்கும்.

#5 ஓய்வுமருத்துவர்

> பன்றி போன இடத்தில் கோழியை விட்டால்

'போன இடத்தில்' என்ற சொல்லைத் தம்பி ஈரமண் கவனிக்க வேண்டும். அவர் திட்டத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

பறவைக் காய்ச்சல் வைரஸும் மனிதக் காய்ச்சல் வைரஸும் பன்றியின் மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொள்ள முடியும். இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் கலந்து புதுசு பிறக்க வழி உண்டு. 2009-இல் உலகமெங்கும் பரவிய எச்1என்1 பன்றிகளிடம் கலந்து உருவான வைரஸ்தான். அப்புறம் கோழிக்கு வரும் காசநோய்க் கிருமி எச்சத்தின் வழியே பன்றிக்குப் போகும், மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டுக் கோழிகளிடம்தான் அது அதிகம். அதனால் வயதான கோழிகளை நாள்கணக்கில்லாமல் வைத்துக்கொண்டு, அவை திரிந்த மண்ணில் பன்றியை விடாதீர்கள்.

இன்னொன்று. பன்றி கோழியைப் பிடித்துத் தின்னும். எல்லாப் பன்றியும் அல்ல, ஆனால் ஒரு முறை ருசி கண்டது விடாது.

#6 வெயில்மேய்ச்சல்

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. என் இடத்தில் பன்றி வெளியேறி மூன்று வாரம் வெயில் காய்ந்த பிறகுதான் கோழி உள்ளே போகிறது. தொட்டி, தண்ணீர்க் குழாய், கூரை எதுவும் பொதுவில்லை. கோழிக்கொட்டகைக்கு ஒரு செருப்பு, பன்றிக்கு ஒரு செருப்பு, வாசலிலேயே கிடக்கும். முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

#7 ஈரமண்

நேற்று இரவு இந்தக் கணக்கை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "நாலு ஏக்கர் சாணத்தை ரெண்டு ஏக்கர்ல எங்க கொட்டுவீங்க?" என்றாள். பதில் இல்லை. விடுதி மிச்சத்தை விட்டுவிட்டோம். ஒரே கொட்டகை என்பதும் போயிற்று. நாலு குட்டி, ஐம்பது கோழி, தனித்தனி இடம்.

இப்போது வேறு கவலை. மிச்சம் இல்லை என்றால் தீவனம் எவ்வளவு ஆகும்?

#8 தவிட்டுமூட்டை

தீவனம் கலப்பதுதான் என் அன்றாட வேலை என்பதால் இதற்கு நான் சொல்கிறேன்.

ஒரு பன்றி 25 கிலோவிலிருந்து 100 கிலோவுக்கு வளர, ஒவ்வொரு கிலோ எடைக்கும் சுமார் மூன்று கிலோ தீவனம். ஆக ஒரு பன்றிக்கு 225 கிலோ, நாலுக்கு 900. இரண்டு தொகுதிக்கு 1,800 கிலோ. முட்டைக்கோழி ஒன்று ஒரு நாளைக்கு 110 முதல் 120 கிராம் தின்னும். ஐம்பது கோழிக்கு வருடத்தில் ஏறக்குறைய 2,100 கிலோ. பாருங்கள், எல்லோரும் பன்றியைத்தான் தீனிப்பண்டாரம் என்பார்கள், ஐம்பது கோழி எட்டுப் பன்றியைவிட அதிகம் தின்கிறது. மேய்ச்சல் இருந்தால் இரண்டிலும் கொஞ்சம் குறையும். பாதியாகக் குறையும் என்று நம்பி வாங்காமல் இருந்துவிடாதீர்கள், முட்டை நின்றுவிடும்.

தானியமும் தவிடும் மட்டும் போட்டால் வயிறு நிறையும், உடம்பு ஏறாது. தானியப் புரதத்தில் பன்றிக்கு முதலில் குறைவது லைசின் என்ற புரதக்கூறு, கோழிக்குக் குறைவது மெத்தியோனின் என்ற இன்னொரு கூறு. பருப்பு வகை, சோயா, பிண்ணாக்கு, மீன்தூள் இவற்றால்தான் அதை ஈடுகட்ட வேண்டும். சோயாவைப் பச்சையாகப் போடக் கூடாது. புரதத்தைச் செரிக்க விடாத ஒரு பொருள் அதில் இருக்கிறது, வறுத்தோ வேகவைத்தோ போட்டால் அது போய்விடும். மரவள்ளி இலையும் கிழங்கும் அப்படித்தான், பச்சையில் சயனைடு உண்டு. நறுக்கி நன்றாக உலர்த்தியோ வேகவைத்தோ போடுங்கள்.

முட்டைக்கோழிக்கு ஒரு நாளைக்குச் சுமார் நாலு கிராம் கால்சியம் வேண்டும். ஓட்டிலேயே இரண்டு கிராம் போகிறது. கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவையான கோழி தேவையான அளவு எடுத்துக்கொள்ளும். சாயங்காலம் அந்தக் கிண்ணத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும், ஓடு உருவாவது ராத்திரியில்தானே.

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை வாங்காதீர்கள். அதில் சேரும் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு பன்றிக்கும் கோழிக்கும் ஈரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் போகாது. நான் ஒரு முறை மேல்மூட்டையை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு இருபது மூட்டை இறக்கினேன். அடிமூட்டைகளில் கை விட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சைத் தூள் பறந்தது. அதில் பாதியைக் குழி வெட்டிப் புதைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டையிலும் முழங்கைவரை கை விடாமல் இறக்குவதில்லை.

#9 அடைக்கோழி

தவிட்டுமூட்டை அண்ணா, புழு வளர்ப்பைப் பற்றிச் சொல்லவில்லையே? கருப்புச் சிப்பாய் ஈயின் புழுவில் உலர்ந்த எடையில் 40 சதவீதம்வரை புரதம் என்கிறார்கள்.

#10 தவிட்டுமூட்டை

உண்மைதான் தங்கச்சி. காய்கறிக் கழிவிலும் பழக் கழிவிலும் வளர்த்தால் இரண்டு மூன்று வாரத்தில் எடுத்துக் கோழிக்குப் போடலாம், ஆசையாகத் தின்னும். ஆனால் பன்றிச் சாணத்தில் வளர்த்து அதைக் கோழிக்குப் போடாதீர்கள். மருத்துவர் ஐயா பிரித்துவைக்கச் சொன்ன இரண்டையும் நாமே புழுவால் முடிச்சுப் போட்டதாகிவிடும். அளவும் பாருங்கள்: ஐம்பது கோழிக்குத் தினம் ஒரு கிலோ உயிர்ப்புழு போட்டாலும் அதில் பெரும்பகுதி தண்ணீர். தீவனத்துக்குத் துணை, மாற்று இல்லை.

#11 கூளப்படுக்கை

கூளத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் வருகிறேன். பண்ணை நாறுகிறதா இல்லையா என்பது இதில்தான் இருக்கிறது.

சாணத்தில் நைட்ரஜன் அதிகம், கரி (கார்பன்) குறைவு. மரத்தூள், வைக்கோல், உமி, காய்ந்த இலை எல்லாம் அதற்கு நேர் எதிர். நன்றாக மக்குவதற்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கரி வேண்டும். கோழி எச்சத்தில் பத்துக்கும் கீழே, வைக்கோலில் எண்பது அளவில், மரத்தூளில் நானூறுக்கும் மேலேகூடப் போகும். கூளம் போதவில்லை என்றால் மிஞ்சும் நைட்ரஜன் அம்மோனியாவாகக் காற்றில் போகும். கண்ணை எரிக்கும் அந்த நாற்றம் உங்கள் தோட்டத்து உரம்தான்.

கோழிக்கொட்டகைக்குள் நின்று மோந்து பார்க்காதீர்கள். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் மூச்சை இழுங்கள். அங்கே மூக்கு அரித்தால் கோழிக்கு அது இருபத்துநாலு மணி நேரமும் அரிக்கிறது. பிறகு ஒரு கை கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் லேசாகக் கூடி நின்று, விரலால் தொட்டால் உதிர வேண்டும். உருண்டையாக அப்படியே நின்றால் ஈரம் அதிகம். ரத்தக்கழிச்சலுக்கு அந்த ஈரம் போதும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித்தான் முதலில் கெடும். அந்த இடத்தைத் தினமும் கிளறி, காய்ந்த கூளம் தூவுங்கள்.

பன்றிக்கு ஆழமாக, இரண்டு மூன்று அடி போடுங்கள். பன்றி அழுக்கான பிராணி என்பது அதை அடைத்து வைத்தவர்கள் சொன்னது. இடம் கொடுத்தால் படுக்கும் மூலையில் சாணம் போடாது, ஈரமான, குளிர்ந்த மூலைக்குப் போய்த்தான் போடும். தண்ணீரைப் படுக்கைக்கு எதிர்மூலையில் வையுங்கள், கழிப்பிடத்தை அதுவே அங்கே வைத்துக்கொள்ளும்.

எடுத்த கூளத்தை நேராகக் காய்கறிக்குப் போடாதீர்கள். குவித்து, உள்ளே 55 டிகிரிக்கு மேல் பதினைந்து நாள் நிற்கும்படி ஐந்து முறை புரட்டுங்கள். பச்சை எரு போட்டாலோ பன்றியை நேராக விட்டாலோ, மண்ணைத் தொட்டு விளையும் காய்க்கு அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. நானும் அதையே பின்பற்றுகிறேன்.

#12 சுருள்வால்

எல்லோரும் தாய்ப்பன்றி வேண்டாம் என்றே சொல்கிறீர்கள். பத்து வருடமாகத் தாய் வைத்திருப்பவள் என்ற முறையில் நானும் அதையே சொல்கிறேன், ஆனால் 'இப்போதைக்கு' என்று சேர்த்து. ஏனென்று சொல்கிறேன்.

சினை 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் நெருங்கியதும் தாய் வாயில் வைக்கோலைக் கவ்விக் கவ்வி ஒரு மூலையில் சேர்க்கும். காம்பைப் பிதுக்கினால் பால் வந்தால் ஒரு நாளுக்குள் ஈன்றுவிடும். அன்று தூக்கம் கிடையாது.

என் முதல் ஈற்றில் நான் வெளியே விளக்கோடு உட்கார்ந்திருந்தேன். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒன்றாக வந்தன. ஐந்தாவது வந்ததும் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு நேரம்தான். தாய் எழுந்து மறுபடி படுத்திருந்தது, அதன் விலாவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்று. வெளியே தெரிந்த சின்னக் கால் சூடாகத்தான் இருந்தது, அசைவில்லை. அடுத்த நாளே சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுற்றிலும் கம்பி அடித்தேன். தாய் சாய்ந்தாலும் குட்டி நழுவ அந்த இடைவெளி போதும்.

குட்டிக்கு முதல் நாட்களில் 32 முதல் 34 டிகிரி சூடு வேண்டும். தாய்க்கு 20 டிகிரிக்கு மேல் போனாலே கஷ்டம். ஒரே அறையில் இரண்டு பருவகாலம் வேண்டும், அதனால் ஒரு மூலையில் குட்டிக்கு மட்டும் நுழையும்படி பெட்டியும் மேலே விளக்கும். சீம்பால் முதல் ஆறு மணி நேரத்துக்குள் வயிற்றில் இறங்க வேண்டும், பிறக்கும்போது அதற்கு நோய் எதிர்ப்பு எதுவும் இல்லை.

அப்புறம் இரும்புச்சத்து. தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. சிமெண்டுத் தரையில் பிறந்த குட்டிக்கு மூன்றாம் நாள் வாக்கில் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி போட வேண்டும். காதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இல்லாமல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தால் தாமதித்துவிட்டீர்கள். மண்ணில் பிறந்தவை மூக்கால் கிளறி மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

வளரும் நாலு பன்றியை ஒரு வருடம் பார்த்துக்கொண்டவருக்கு அதன் முக்கல், நடை, சாணம் எல்லாம் பழகிவிடும். எது சரியில்லை என்று கொட்டிலுக்குள் நுழைந்ததுமே தெரியும். அந்தப் பழக்கம் வந்த பிறகு தாய் வாங்குங்கள் தம்பி.

#13 ஈரமண்

சுருள்வால் அக்கா, மனைவி இதை இரண்டு தடவை படித்தாள். தாய் அடுத்த வருடத்துக்குப் பிறகுதான்.

வேலிக்கு என்ன செய்கிறீர்கள்? தண்ணீர் எவ்வளவு?

#14 வெயில்மேய்ச்சல்

மின்வேலி. கம்பி இரண்டு போதும், ஒன்று ஒரு சாண் உயரத்தில், இன்னொன்று முழங்கால் அளவில். வந்ததும் வெளியில் விடாதீர்கள். கெட்டியான அடைப்புக்குள் ஒரு வாரம் அந்தக் கம்பியோடு பழக்குங்கள். பழகாத பன்றி ஷாக் அடித்ததும் பின்னால் போகாது, முன்னால் பாயும்.

வளரும் பன்றி ஒரு நாளைக்கு ஐந்து முதல் பத்து லிட்டர் குடிக்கும், பால் கொடுக்கும் தாய் முப்பதுவரை. தண்ணீர் தீர்ந்து நின்றால் பன்றிக்கு உப்பே நஞ்சாகிவிடும், வலிப்பு வரும். தாகத்தோடு இருந்ததற்குத் திடீரென்று நிறையக் கொடுத்தாலும் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். அதற்கு வியர்த்து உடம்பு ஆறாது, அதனால் நிழலும் ஒரு சேற்றுக்குழியும் கட்டாயம். வெள்ளைத் தோல் பன்றிக்குச் சேறு வெயில் படாமல் காக்கும் பூச்சு.

#15 அடைக்கோழி

கோழி பக்கம் நான் கொஞ்சம். குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறையுங்கள். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சையே பாருங்கள்: விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்தால் சூடு, அங்கங்கே பரவி மேய்ந்தால் சரி. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி முதல் வாரமே, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல். கோழி ஒன்றுக்கு வெளியே நாலு சதுர மீட்டராவது கொடுங்கள். கொடுத்தாலும் அவை வாசலைச் சுற்றியே கிளறிப் பொட்டலாக்கும், அதனால் கொட்டகையே நகரக்கூடியதாக இருந்தால் நல்லது. எலி வராமல் தீவனத்தை மூடி வையுங்கள்.

#16 ஈரமண்

எட்டு மாதம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், எழுதவே நேரம் கிடைக்கவில்லை.

புல் கிடந்த ஒரு ஏக்கரை எட்டாகப் பிரித்தோம், ஒவ்வொன்றும் சுமார் 500 சதுர மீட்டர். ஒரு தொகுதிக்கு இரண்டு துண்டு, அதனால் ஒரே துண்டுக்குப் பன்றி திரும்ப இரண்டு வருடம் ஆகும். முதல் நாலும் வந்தன, நன்றாக வளர்ந்தன. ஒன்று மட்டும் 90 கிலோவில் நின்றுவிட்டது, மற்றவை நூறைத் தாண்டின. முதல் துண்டில் கோரை ஏறக்குறைய இல்லை. மண்ணைக் கையில் எடுத்தால் உதிர்கிறது, பூசணி போட்டிருக்கிறோம், அறுவடை 120 நாளுக்கு அப்பால்தான் வரும். கோழி ஐம்பதில் நாற்பத்தாறு இருக்கின்றன. நாலை ஒரே இரவில் கீரி கொண்டுபோயிற்று, கதவு மூட மறந்தது நான்தான். சின்னவள் தினமும் குத்துக்கால் போட்டு மோந்து பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள்.

ஒரு கேள்வி. அறுத்தபோது இரண்டு பன்றியின் ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன, பால் தெளித்த மாதிரி. இறைச்சி ஆய்வாளர் ஈரலை மட்டும் ஒதுக்கினார், இறைச்சிக்கு ஒன்றுமில்லை என்றார். இது என்ன?

#17 ஓய்வுமருத்துவர்

உருண்டைப்புழு தம்பி. வயிற்றுக்குள் போன முட்டை பொரிந்து, புழுக்குஞ்சு ஈரல் வழியாக நுரையீரலுக்குப் போகும். போன பாதையில் விழும் தழும்புதான் அந்தப் புள்ளி. ஈரலில் புள்ளிகள் சில வாரங்களில் ஆறிவிடும், அதனால் அறுக்கும்போது இருந்தது என்றால் கடைசிக் காலத்தில்தான் தொற்றியிருக்கிறது. 90 கிலோவில் நின்றதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஒரு பெண்புழு நாளுக்கு லட்சக்கணக்கில் முட்டையிடும். முட்டை நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும், வெயிலும் வறட்சியும்தான் அதற்குப் பகை. குட்டி வந்ததும் வெளியில் விடும் முன் குடற்புழு நீக்கம் செய்யுங்கள், மருந்து போட்ட பிறகு மூன்று நான்கு நாள் அடைப்பிலேயே வைத்து, அந்தச் சாணத்தைச் சூடேறும் குவியலில் சேருங்கள். ஐந்து ஆறு வாரம் கழித்து மறுபடி. மருந்துக்கும் அறுப்புக்கும் நடுவே சீட்டில் போட்டிருக்கும் நாள் இடைவெளியை மீறாதீர்கள். இந்தத் தொகுதி கடைசியாக நின்ற துண்டில் இரண்டு வருடம் அல்ல, மூன்று வருடம் பன்றி வேண்டாம். சேற்றுக்குழியை மூடிவிட்டு அடுத்த துண்டில் புதிதாக வெட்டுங்கள்.

#18 ஈரமண்

நன்றி ஐயா. இரண்டாம் துண்டை வேலி பிரித்து வெயிலுக்குத் திறந்துவிட்டோம், சேற்றுக்குழியில் இன்று மண் தள்ளினேன். குட்டிகள் அடுத்த வாரம் வருவதாக இருந்தது, பத்து நாள் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். முதலில் அடைப்பின் தரையை வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். மூன்றாம் துண்டில் மரம் இரண்டு இருக்கிறது, தூரைச் சுற்றி முள்கட்டை வைக்கலாமா, கம்பி வலையா?

#19 வெயில்மேய்ச்சல்

கம்பி வலை. தூரிலிருந்து இரண்டு முழம் தள்ளிக் கட்டுங்கள், நெருக்கிக் கட்டினால் முதுகு சொறிந்தே சாய்த்துவிடும்.